அக்காவுக்கு மட்டும் அடித்த வாடை

பழைய வீடு ஒன்று விலைக்கு வருகிறது, கொஞ்சம் மராமத்துப் பார்த்தால் போதும் என்று நம் வயதுக்காரர் யாராவது சொன்னால் எனக்குப் பயமாக இருக்கும். பிள்ளைகள் வெளியூரில். ஓய்வூதியம் வருகிறது. ஊர்ப்பக்கம் ஒரு வீட்டை வாங்கிச் சரிசெய்து மிச்ச காலத்தை ஓட்டிவிடலாம் என்று நீங்கள் நினைப்பது புரிகிறது. போன மாதம் என்னோடு பள்ளியில் வேலை பார்த்தவர் ஒருவர், அகரம் பக்கம் ஒரு வீடு பார்க்க என்னையும் அழைத்துப் போனார். அவர் உத்திரத்தைத் தட்டிப் பார்த்தார், சுவர் விரிசலுக்குள் சாவியை விட்டுப் பார்த்தார். நான் நடு அறையில் நின்று தரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்ன டீச்சர் தேடுறீங்க?" என்றார்.

அங்கே வைத்துச் சொல்ல வாய் வரவில்லை. இங்கே சொல்கிறேன்.

அப்போது எனக்குப் பத்து வயது. திண்டுக்கல்லில் நாங்கள் வாடகை வீட்டில் இருந்தோம். அப்பாவை எங்கள் வீடுகளில் அத்தா என்போம். அத்தாவுக்குப் பச்சைத்தோல் வியாபாரம். ஆட்டுத்தோல்களை வாங்கி, உப்புப் போட்டு அடுக்கி, பதனிடுகிறவர்களுக்கு விற்பார். அவர் சட்டையில், தலைமுடியில், சாப்பிட உட்கார்ந்தால் இலையில்கூடத் தோல் வாடை இருக்கும். எங்களுக்கு அது வாடையாகவே தெரியாது. அத்தா வந்துவிட்டார் என்பதற்கு அடையாளம், அவ்வளவுதான்.

அந்த வருஷம் அக்காவுக்கு மாப்பிள்ளை நிச்சயமானது. ஐப்பசி மழை கழிந்ததும் நிக்காஹ். "எம் மகளை வாடகை வீட்லருந்து அனுப்ப மாட்டேன்" என்று அத்தா பிடிவாதமாகச் சொல்லிவிட்டு வீடு தேட ஆரம்பித்தார். மூன்று தெரு தள்ளி ஒரு வீடு அமைந்தது. நீளமான பழைய வீடு. நடுவில் வானம் தெரிகிற முற்றம், அதைச் சுற்றி நாலு அறை, பின்னால் கிணறு. நீலம் கலந்து புதிதாகச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். உள்ளே நுழைந்ததும் கண் கூசியது. நான் முற்றத்தில் ஓடி ஓடித் தலைசுற்றி விழுந்தேன்.

அத்தா ஏமாளி என்று நினைத்துவிடாதீர்கள். மொட்டை மாடியில் பத்துக் குடம் தண்ணீர் ஊற்றி, கீழே வந்து அரைமணி நேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு சொட்டு இறங்கவில்லை. ஏணி போட்டு ஏறி ஒவ்வொரு உத்திரத்தையும் பேனாக்கத்தியால் குத்திப் பார்த்தார். கரையான் இல்லை. வில்லங்கம் போட்டுப் பார்த்தார். பத்திரம் எழுதுகிறவரிடம் மூலப் பத்திரத்தைக் கொடுத்து உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்டார். அதில் ஒரு இடத்தில் 'சுண்ணாம்புத் தொட்டி நாலும் உள்பட்ட மனை' என்று வந்தது.

"இது என்னங்க தொட்டி?" என்று அத்தா கேட்டார்.

"வீடு கட்டுறப்ப சுண்ணாம்பு நீத்துன தொட்டியா இருக்கும் பாய். இப்ப எங்க இருக்கு அதெல்லாம்?" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த வரிக்குப் போனார்.

நான் அத்தாவின் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். தோல் வியாபாரிக்குச் சுண்ணாம்புத் தொட்டி என்றால் என்ன என்று தெரியாதா? பச்சைத்தோலிலிருந்து ரோமம் கழல்வதற்குச் சுண்ணாம்புத் தண்ணீர்த் தொட்டியில்தான் நாள்கணக்கில் ஊறப்போடுவார்கள். தினமும் அவர் பார்க்கிற தொட்டி. ஆனால் வீடு வாங்கப் போனவர் காதில் அது வீட்டுச் சொல்லாகத்தான் விழுந்தது. இதை இத்தனை வருஷம் கழித்து நினைத்தாலும் எனக்குத் திக்கென்று இருக்கிறது.

இன்னும் இருக்கிறது. நாலு அறையில் ஒரு அறைக்கு மட்டும் இடுப்பு உயரத்துக்குப் புதுப் பூச்சு. ஏன் என்று யாரும் கேட்கவில்லை. நான் அதில் சாய்ந்து நின்றால் பாவாடையில் வெள்ளைப் பொடி ஒட்டும். நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பு. கிணற்றுத் தண்ணீரை அம்மா வாயில் வைத்துவிட்டுத் துப்பினாள். "சவரா இருக்கு" என்றாள். "இந்த ஊர்ல எந்தக் கிணறு சவர் இல்ல?" என்றார் அத்தா. அதுவும் உண்மைதான். நாங்கள் வீடு பார்த்ததெல்லாம் சித்திரை, வைகாசி வெயிலில். மழைக்காலத்தில் அந்த வீடு எப்படி இருக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

ஆவணியில் குடி போனோம். அதற்கடுத்த வாரம் அக்கா வந்தாள்.

அக்கா எங்களோடு வளரவில்லை. நான் பிறப்பதற்கு முன்பே, அம்மா உடம்பு சரியில்லாமல் படுத்திருந்தபோது, நிலக்கோட்டையில் இருந்த மாமு அவளைத் தூக்கிக்கொண்டு போனார். மாமு அம்மாவின் அண்ணன். அவருக்குப் பிள்ளை இல்லை. அக்கா அங்கேயே தங்கிவிட்டாள். மாமுவுக்குப் பூ வியாபாரம். விடிந்தால் வீடு முழுக்க மல்லிகை மூட்டை. ஈரத்துணி போட்டு மூடி வேனில் ஏற்றுவார்கள். பத்தொன்பது வயது வரை அந்த வாசத்தில் வளர்ந்தவளை மாமு கல்யாணத்துக்காகக் கொண்டுவந்து விட்டார். எனக்கு அவள் பெருநாளுக்கு வந்து போகிற விருந்தாளி மாதிரி. அம்மாவுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும் போல. அவளிடம் பேசும்போது அம்மாவின் குரல் கொஞ்சம் மாறும்.

அந்தப் புதுப்பூச்சு அறையைத்தான் அக்காவுக்குக் கொடுத்தோம். பெட்டியை வைத்தவள் தாவணி நுனியால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"என்னம்மா இப்பிடி வாடை அடிக்குது?"

"என்ன வாடை?"

"தோல் ஊறப்போட்ட மாதிரி. அழுகின மாதிரி."

அம்மா சிரித்துவிட்டாள். "உங்கத்தா சட்டையில வராத வாடையா?"

"இல்லம்மா. இது தரையிலருந்து வருது."

அத்தா வந்து மண்டி போட்டு மோந்து பார்த்தார். அம்மா மோந்தாள். நானும் மோந்தேன். எங்கள் மூவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. அக்கா அன்று கூடத்தில் பாய் போட்டுப் படுத்தாள். மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள், ஊருக்குக் கிளம்ப நின்ற மாமுவிடம் அம்மா அடுப்படியில் வைத்துச் சொன்னாள்: "அவளுக்கு இந்தச் சம்பந்தம் பிடிக்கலண்ணே. வாய்விட்டுச் சொல்லத் தெரியாம வீட்டக் கொறை சொல்றா."

மாமு யோசித்தார். "அப்பிடியா இருக்கும்? எங்கிட்ட ஒண்ணும் சொல்லலையே."

"பொம்பளப் புள்ள மனசு எனக்குத் தெரியாதா?"

அடுப்படி வாசலில் நின்று நான் அதைக் கேட்டேன்.

அந்த அறையில் எனக்கு ஒரு விளையாட்டு இருந்தது. கோலிக்குண்டை எந்த மூலையில் வைத்தாலும் அது தானாக உருண்டு அறை நடுவுக்கு வந்து நிற்கும். நாலு மூலையில் நாலு குண்டு வைத்தால் நாலும் நடுவில் வந்து டக்கென்று முட்டிக்கொள்ளும். ஜின் இழுக்கிறது என்று நினைத்துப் பயந்து சிரிப்பேன். ஒருநாள் அக்கா அதைப் பார்த்தாள். என்னைத் திரும்பச் செய்யச் சொன்னாள். பிறகு தரையில் காதை வைத்து விரல் கணுவால் தட்டினாள். ஓரத்தில் 'டொக்' என்று கேட்டது. நடுவில் குடத்தைத் தட்டினாற்போல் கேட்டது. ஓடிப்போய் அத்தாவைக் கூட்டிவந்தாள்.

"தரை நடுவுல எறங்கிருக்குத்தா. உள்ள பொள்ளலா இருக்கு. ஒரு கொத்தனார விட்டுக் கொஞ்சம் தோண்டிப் பாக்கச் சொல்லுங்க."

"வாட்டம் வச்சுக் கட்டிருக்கான்மா. கழுவிவிட்டாத் தண்ணி தானா ஓடும்ல" என்றார் அத்தா.

"தண்ணி ஓரத்துக்குத்தானத்தா ஓடணும்? நடுவுக்கா ஓடணும்?"

அத்தாவின் முகம் சுருங்கியது. "ஏம்மா, ஒனக்கு இந்த வீடு பிடிக்கலையா, இல்ல வேற ஏதும் பிடிக்கலையா? நேராச் சொல்லு."

அக்கா விழித்தாள். அந்தக் கேள்வியின் உள்ளர்த்தம் அவளுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. பத்து வயதில் பெரியவர்கள் பேச்சு புரிந்துவிட்டால் எவ்வளவு பெருமையாக இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும்.

மாப்பிள்ளையின் தங்கை என் வகுப்பு. ஒரே பெஞ்சு. ஒருநாள் இடைவேளையில் சிறுமலை வாழைப்பழத்தைப் பாதி பிட்டுக் கொடுத்து, "உங்கக்கா எப்ப எங்க வீட்டுக்கு வரும்?" என்று கேட்டாள். நான் பழத்தை வாயில் போட்டுக்கொண்டு பெரிய மனுஷி போலச் சொன்னேன்: "எங்கக்காவுக்கு உங்கண்ணனப் பிடிக்கலையாம்டி. அதான் வீடு நாறுதுன்னு சொல்லிக்கிட்டுத் திரியுது."

மணி அடித்தது. நான் அதை அன்றே மறந்துவிட்டேன்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. மாடித் தண்ணீர் இறங்குகிற தூம்பு அந்த அறைச் சுவரை ஒட்டித்தான் விழும். புதுப் பூச்சு படை படையாகக் கழன்றது. தரை வியர்த்தது. கொத்தனார் ஒருவர் அடுப்படியை அகலப்படுத்துகிற வேலையில் இருந்தார். அக்கா அவரிடமும் போய்ச் சொன்னாள். "மழ நிக்கட்டும்மா, பாப்போம்" என்றார் அவர்.

அன்று வெள்ளிக்கிழமை. ஜும்ஆ தொழுதுவிட்டு வந்து அத்தா சாப்பிட்டார். கூடத்தில் அக்காவின் பாய் சுருட்டிவைத்திருந்ததைப் பார்த்ததும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "நாலு ரூம்பு வீட்ட வாங்கிப் போட்டும் எம் மக கூடத்துலதான் படுக்குறா. நாளைக்கு சம்பந்தி வீட்டுக்காரங்க வந்து பாத்தா என்ன நெனைப்பாங்க? நானே அங்க செத்த நேரம் படுக்குறேன். என்ன ஆகுதுன்னு பாப்போம்." இரும்புக் கட்டிலை இழுத்து அந்த அறை நடுவில் போட்டுப் படுத்தார்.

"அத்தா, வேணாம்த்தா" என்றாள் அக்கா.

"போம்மா."

நான் முற்றத்து ஓரத்தில் மழை பார்த்துக்கொண்டிருந்தேன். பெரிய சத்தம் எல்லாம் இல்லை. மரம் முறிகிற மாதிரி ஒரு சத்தம், அப்புறம் யாரோ குளத்தில் குதித்த மாதிரி ஒன்று. அதற்குப் பிறகு வந்தது பாருங்கள் அந்த வாடை. அது அன்றுதான் எனக்கும் அடித்தது. குமட்டிக்கொண்டு வந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால் அறை நடுவில் தரை இல்லை. கறுப்பாக ஒரு பள்ளம். கட்டிலின் இரண்டு கால் மேலே தெரிந்தது. அத்தாவின் தலையும் ஒரு கையும் தெரிந்தது. வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை.

அம்மா "யா அல்லா" என்று பாய்ந்தாள். அக்கா அவளை இடுப்போடு பிடித்துப் பின்னால் தள்ளினாள். "யாரும் கால் வைக்காதீங்க! மிச்சமும் எறங்கிரும்!" பிறகு கத்தினாள்: "கொத்தனாரே, ஏணி!"

கொத்தனார் மூங்கில் ஏணியைக் கொண்டுவந்து பள்ளத்தின் குறுக்கே சாய்த்துப் போட்டார். அவர் கனத்த உடம்புக்காரர். அக்காதான் அதன்மேல் குப்புறப் படுத்து நகர்ந்து போனாள். அத்தாவின் அக்குளுக்குள் கையைக் கொடுத்துத் தலையை மேலே பிடித்துக்கொண்டாள். அந்தச் சேறு அவள் முகத்திலும் தெறித்திருந்தது. "அத்தா, என்னப் பாருங்க. என்னப் பாருங்கத்தா" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். தெரு ஆட்கள் கயிறு, கடப்பாரை எல்லாம் கொண்டுவந்தும் உடனே தூக்க முடியவில்லை. தொட்டியை மூடியிருந்த கல்பலகை ஒன்று சரிந்து அவர் இடதுகால்மேல் கிடந்தது. சாயங்காலம் அசர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்போதுதான் வெளியே எடுத்தார்கள். அக்காவின் கைகளை அவரிடமிருந்து பிரிக்க வேண்டியிருந்தது. மரத்துப்போய் மடங்கியபடியே நின்றுவிட்டன.

வாடகைக் காரில் மதுரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். இடதுகாலைக் கணுக்காலுக்கு மேல் எடுத்துவிட்டார்கள்.

மழை விட்டதும் கொத்தனார் மற்ற இடங்களையும் தோண்டினார். வட்டமாக, கல் கட்டிய நாலு தொட்டி. வெகுகாலத்துக்கு முன்பு அங்கே தோல் பதனிட்டிருக்கிறார்கள். அதன்மேல் பனங்கட்டை போட்டு, கல் பரப்பி, தரை போட்டு வீடு கட்டிவிட்டார்கள். கட்டைகள் உள்ளுக்குள்ளேயே இற்றுப்போயிருந்தன. கூடத்துக்குக் கீழே ஒன்று, அடுப்படிக்குக் கீழே ஒன்று. நாங்கள் நாலு பேரும் இரண்டு மாதமாக அதன்மேல்தான் உண்டு உறங்கிக்கொண்டிருந்தோம்.

எதிரே வெற்றிலைக் கடை வைத்திருந்த பெரியவர் வந்து எட்டிப் பார்த்தார். "இது தோல்தொட்டி எடம்னு எங்களுக்கெல்லாம் தெரியும்மா. எங்கப்பாரு சொல்லுவாரு" என்றார்.

அம்மா அவர் முன்னால் வந்து நின்றாள். "அப்ப ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"பாய் கேக்கலையேம்மா. அதுவுமில்லாம, தோல் யாவாரம் பண்றவரு, தெரியாமலா வாங்கிருப்பாருன்னு நெனச்சுட்டேன்."

மூன்று தெரு தள்ளி இருந்த எங்களுக்குத் தெரியாதது, எதிர்க்கடையில் உட்கார்ந்திருந்தவருக்குத் தெரிந்திருக்கிறது. கடையில் வெற்றிலை வாங்கியபடி ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும்.

வீட்டைக் காலி செய்து சாமான்களை எடுத்தபோது அக்காவின் பெட்டி என் கையில் இருந்து நழுவித் திறந்துகொண்டது. துணிக்கு அடியில், கைக்குட்டையில் சுற்றி, மாப்பிள்ளையின் போட்டோ இருந்தது. அவள் பார்ப்பதற்காக மாமு கொடுத்தது. திருப்பித் தர வேண்டியது. கைக்குட்டைக்குள் காய்ந்த மல்லிகை நாலைந்து கிடந்தது. நான் அவசரமாக மூடிவிட்டேன். எனக்கு ஏனோ காது சூடானது.

அத்தாவுக்குக் காயம் ஆறிவந்த சமயம் மாப்பிள்ளையின் அத்தா ஆஸ்பத்திரிக்கு வந்தார். ஆரஞ்சுப் பழம் வாங்கி வந்திருந்தார். அம்மாவும் நானும் கட்டில் ஓரம் நின்றோம். அக்கா டிபன் கேரியரோடு ஜன்னல் பக்கம் ஒதுங்கி நின்றாள். நல்ல மனிதர். அத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

"பொண்ணுக்கு இஷ்டமில்லன்னு கேள்விப்பட்டோம் பாய். இஷ்டமில்லாத புள்ளயக் கட்டாயப்படுத்தி நிக்காஹ் செய்யுறது நமக்கு ஆகாது. மகன்கிட்டயும் சொல்லிட்டேன். வேற எடம் பாக்குறோம். நீங்க மனசுல ஒண்ணும் வச்சுக்கக் கூடாது."

"யாரு சொன்னா?" என்றார் அத்தா.

"உங்க வீட்லருந்துதான் பாய் வந்துச்சு. அத விடுங்க."

ஸலாம் சொல்லிவிட்டுப் போய்விட்டார். கூப்பிட்டிருக்கலாம். வராந்தாவில் மெதுவாகத்தான் நடந்துபோனார். ஆனால் அத்தா போர்வைக்குள் குட்டையாக முடிந்திருந்த காலைப் பார்த்துக்கொண்டு, "கால் போனவன் பின்னால ஓடிக் கெஞ்சணுமா?" என்றார். யாரும் அசையவில்லை.

அக்காதான் பேசினாள். குரல் தெளிவாக இருந்தது. "நான் வீடு நாறுதுன்னுதானத்தா சொன்னேன். வேற ஒண்ணுமே சொல்லலையே."

அத்தா அம்மாவைப் பார்த்தார். "ஊரெல்லாம் போய்ச் சொன்னியா நீ?"

என் வாய் திறந்தது. வாழைப்பழத்தின் ருசி தொண்டைக்கு வந்தது இப்போதும் நினைவிருக்கிறது. அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். என் முகத்தில் எல்லாம் எழுதியிருந்திருக்கும். சட்டென்று என் தலையைப் பிடித்து இழுத்து, மூச்சு முட்ட அவள் சேலையோடு வைத்து அழுத்திக்கொண்டாள்.

"ஆமா. நாந்தான் சொன்னேன்" என்றாள்.

அத்தா அந்தத் தொட்டிகளை மண் போட்டுத் தூர்த்து, புதுத் தரை போட்டு, அதே வீட்டில்தான் சாகிறவரை இருந்தார். கட்டைக்கால் வைத்து வியாபாரத்துக்குப் போனார். பலநாள் அம்மாவோடு பேசவில்லை. பேச ஆரம்பித்த பிறகும் கோபம் வந்தால் "உன் வாயால கெட்டுச்சு" என்பார். அம்மா ஒருமுறைகூடப் பதில் சொன்னதில்லை. அக்கா நிலக்கோட்டைக்குத் திரும்பிப் போனாள். இரண்டு வருஷம் கழித்து ஒட்டன்சத்திரத்தில், காய்கறி மார்க்கெட்டில் கணக்கெழுதுகிறவரைக் கட்டிக்கொண்டாள். நன்றாகத்தான் வாழ்ந்தாள். நான் படித்து, டீச்சராகி, பிள்ளைகளைப் பெற்று, எல்லாவற்றையும் பேசினேன். இதை மட்டும் பேசவில்லை. அம்மாவிடமும் பேசவில்லை. அவளும் என்னிடம் கேட்கவில்லை.

அகரம் வீட்டைப் பார்த்துவிட்டு வந்த மறுநாள் பஸ் ஏறி ஒட்டன்சத்திரம் போனேன். அக்காவுக்கு இப்போது எழுபதைத் தாண்டிவிட்டது. முறத்தில் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து, பள்ளிக்கூடத்து பெஞ்சிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். இத்தனை வயதில் என்ன ஆகிவிடப் போகிறது, சிரித்துவிட்டு ஒரு அடி வைப்பாள் என்றுதான் நினைத்துப் போனேன்.

அவள் சிரிக்கவில்லை. அழவும் இல்லை. உரித்த வெங்காயத்தைக் கையில் வைத்தபடியே என்னைப் பார்த்தாள்.

"அம்மாவுக்குக் கடைசில முடியாம இருந்தப்ப, கூட வந்து இருன்னு ஆள் விட்டாங்க" என்றாள். "நான் போகலடி."

கையிலிருந்த வெங்காயத்தை முறத்தில் போட்டுவிட்டு மறுபடியும் சொன்னாள். "போகலடி நான்."